வண்டிக்கு ஒரு சின்னப் பேட்டரி வாங்கின கதை (1859லேர்ந்து)

முதல்லயே சொல்லிடறேன், இது நீளமான பதிவு. பைக் பிடிக்காதவங்க பாதியில எழுந்து போனா தப்பா எடுத்துக்க மாட்டேன் :-)

போன ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை. ஷேக்ஸ்பியர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டைச் சுத்திப் பார்த்துட்டு கவென்ட்ரிக்குத் திரும்பி வந்துகிட்டிருந்தேன். வண்டி, 1976ஆம் வருஷத்து ஹோண்டா சிபி550. ஒரு கிழவரோட ஷெட்ல பதினஞ்சு வருஷம் தூங்கினதை நானும் என் யாழ்ப்பாணத்து நண்பனும் காசு சேர்த்து வாங்கி, ஒன்பது மாசமா வெட்டி ஒட்டி, ஒரு மாதிரி கஃபே ரேசர் ஆக்கி வச்சிருக்கோம். ஒத்தை சீட்டு, குட்டை ஹாண்டில், சீட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்லாத வெட்டவெளி. அந்த வெட்டவெளிதான் எங்க பெருமை. அங்க இருந்த பெரிய பேட்டரியைத் தூக்கிட்டு, சீட்டு வாலுக்குள்ள ஒரு சின்ன லித்தியம் பேட்டரியை ஒளிச்சு வச்சிருந்தோம்.

நல்ல வெயில், காலி ரோடு, அரை மணி நேரமா ஒரே சீரான வேகம். திடீர்னு உட்கார்ற இடம் சூடாற மாதிரி இருந்தது. வெயில்னு நினைச்சேன். இங்கிலாந்து வெயிலுக்கு அவ்வளவு தெம்பு ஏது? அடுத்து ஒரு வாசனை, நெயில் பாலிஷ் மாதிரி. ஓரங்கட்டி சீட்டைக் கழட்டிப் பார்த்தா, பேட்டரி எண்ணெயில போட்ட பூரி மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது. கையுறையோட டெர்மினலைக் கழட்டி, தூக்கி ஜல்லி மேல வச்சுட்டு, நாப்பது அடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். தீப்பிடிக்கல. ஆனா அந்த பேட்டரிக்கு மேல, பெட்ரோல் டேங்குக்கு ரெண்டடி பின்னால, அரை மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கேன்கிறது அப்போதான் உறைச்சுது.

நண்பன் வேன் எடுத்துக்கிட்டு வர்ற வரைக்கும் என் மண்டையில ஒரே கேள்விதான். தப்பான பேட்டரியை வாங்கிட்டோமா? அதுக்கப்புறம் மூணு வாரம் படிப்பை விட்டுட்டு இதையே நோண்டினேன். ஆய்வுக் கட்டுரைக்கு இப்படி உழைச்சிருந்தா கைடு கண்ணீர் விட்டிருப்பார். அப்படித் தேடினதுல கிடைச்ச வரலாறுதான் இந்தப் பதிவு.

*

மோட்டார் சைக்கிளுக்கும் பேட்டரிக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

ஈய-அமில பேட்டரியைக் கண்டுபிடிச்சவர் பிரான்சின் காஸ்டன் ப்ளாண்டே, 1859இல். 1881இல் கமீல் ஃபோர் ஈயத் தகட்டில் பசை மாதிரி ஈய ஆக்ஸைடைப் பூசும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் அது தொழிற்சாலையில் செய்யக்கூடிய பொருளாச்சு. ஒரு செல்லுக்கு 2 வோல்ட், மூணு செல் சேர்ந்தா 6, ஆறு செல் சேர்ந்தா 12. இந்தக் கணக்கு இன்னிக்கும் மாறல.

1890களில் தே தியோன்-பூத்தோன் கம்பெனியின் மூணு சக்கர மோட்டார் வண்டிகள் பேட்டரியும் காயிலும் வச்சுத்தான் பொறியை உண்டாக்கின. ஓடும்போது சார்ஜ் பண்ண வழி கிடையாது. பேட்டரி தீர்ந்தா தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1897இல் ராபர்ட் போஷ் அதே மாதிரி தே தியோன் வண்டி ஒன்றில் மேக்னெட்டோவை மாட்டிக் காட்டினார். இன்ஜின் சுத்தறதிலேயே பொறி பிறக்கும், பேட்டரி வேண்டாம். 1902இல் அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவைச் செய்து முடிச்சதும், மோட்டார் சைக்கிள்காரங்க பேட்டரிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டாங்க. ராத்திரி வெளிச்சத்துக்கு? கார்பைடு விளக்கு. நம்மூர்ல மாம்பழத்தைத் திருட்டுத்தனமா பழுக்க வைக்கிற அதே கல்லுதான். அதுமேல தண்ணி சொட்டினா அசிடிலீன் வாயு வரும், கொளுத்திக்க வேண்டியது.

ஆக, நாங்க ஒன்பது மாசம் கஷ்டப்பட்டு உண்டாக்கின அந்த 'வெட்டவெளி' நூறு வருஷத்துக்கு முன்னாடி எல்லா வண்டியிலும் சும்மாவே இருந்தது!

இதுக்கு நடுவுல ஒரு சோகக் கதை உண்டு. அமெரிக்காவின் 'இந்தியன்' கம்பெனி (நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க) 1914இல் 'ஹெண்டி ஸ்பெஷல்' என்று ஒரு வண்டியை இறக்கினது. மோட்டார் சைக்கிளில் முதல் செல்ஃப் ஸ்டார்ட். 1912இல் கேடிலாக் காரில் செல்ஃப் வந்து ஊரே அசந்து போயிருந்த நேரம். கார்ல ஆனது பைக்ல ஆகாதான்னு ரெண்டு 6 வோல்ட் பேட்டரியை வச்சாங்க. ஸ்டார்ட்டர் மோட்டார் நல்ல மோட்டார்தான். பேட்டரிதான் தாங்கல. அந்தக் காலத்து ரோட்டின் குலுக்கலும் ஸ்டார்ட்டரின் பசியும் சேர்ந்து அதைக் கொன்னுடுச்சு. ஒரே வருஷத்தில் அந்த மாடலுக்கு மூடுவிழா. காரில் எவ்வளவு கனமான பேட்டரியையும் ஏத்தலாம். பைக்கில் முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான். நாங்க செஞ்ச தப்பின் தாத்தா 1914லேயே பிறந்துட்டார்னு அதைப் படிச்சப்போ தோணினது.

*

நான் இருக்கிற இந்த வட்டாரம்தான் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளின் பிறந்த வீடு. ட்ரையம்ஃப் இதே கவென்ட்ரியில் தொடங்கினது. 1940 நவம்பர் குண்டுவீச்சில் ஃபாக்டரி நாசமானதும், 1942இல் பக்கத்து மெரிடனுக்குப் போச்சு. பிஎஸ்ஏவும் மின்சாமான் செய்த லூகாஸும் பர்மிங்ஹாம். நம்ம திருவொற்றியூர் புல்லட்டின் தாய்வீடான ரெடிட்ச் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்ல.

இந்த வண்டிகளில் ரொம்ப நாள் ஆட்சி செஞ்சது லூகாஸின் 'மேக்டைனோ'. பொறிக்கு மேக்னெட்டோ, விளக்குக்கு டைனமோ, ரெண்டையும் ஒரே கட்டாகக் கட்டினது. பேட்டரி செத்தா விளக்கும் ஹாரனும் போகும். வண்டி நிக்காது. 1953இல் ட்ரையம்ஃப் ஸ்பீட் ட்வின்னில் ஆல்டர்னேட்டர் வந்து, பொறி பேட்டரி-காயிலுக்கு மாறினப்போ வாடிக்கையாளர்களுக்கு ஒரே பயம். அதனால பேட்டரி செத்திருந்தாலும் கிளப்ப, ஸ்விட்ச்சில் 'எமர்ஜென்சி' என்று தனியா ஒரு இடமே வச்சுக் கொடுத்தாங்க. 1960களில் லூகாஸ் இன்னொரு படி போய் '2எம்சி' கப்பாசிட்டரை விற்றது. நீல நிறக் குப்பி. அதை மாட்டினா 12 வோல்ட் ட்ரையம்ஃபை பேட்டரியே இல்லாம கிக்கரை மிதிச்சு ஓட்டலாம். ரேஸ்காரங்களுக்குக் கொண்டாட்டம்.

என் நண்பனுக்கு இது தெரியும். வேனை ஓட்டிக்கிட்டே ஆரம்பிச்சுட்டான்.

"மச்சான், எங்களுக்கு உந்தப் பற்றறியே தேவையில்லையடா. கப்பாசிற்றர் ஒண்டு காணும். கிக்கர் இருக்குத்தானே?"

(அவன் எழுதறது 'பற்றறி', நான் எழுதறது 'பேட்டரி'. இதுக்கே எங்களுக்குள்ள தனியா ஒரு யுத்தம் நடக்கும்.)

அவனுக்கு பற்றறி இல்லாத வாழ்க்கைமேல ஒரு தனி மரியாதை. 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றறி தடைப் பொருள்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வச்சு பெடலைக் கையால சுத்தி, டைனமோ கரண்டுல ரேடியோ நியூஸ் கேட்டிருக்காங்க. மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு சொட்டு பெட்ரோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெய்ல ஓட்டியிருக்காங்க. அவன் அப்பா ஆயிரம் தடவை சொன்ன கதை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு ஊர்ல கிடைக்கிற பேட்டரியில எதை வாங்கறதுன்னு நான் மூணு வாரம் யோசிச்சது வேடிக்கையாத்தான் இருந்திருக்கும்.

ஆனா கப்பாசிட்டர் ஐடியா எங்க வண்டிக்கு ஆகாது. காரணம் முக்கியமானது, கொஞ்சம் நின்னு பார்ப்போம்.

ட்ரையம்ஃப் ஆல்டர்னேட்டரில் நிரந்தரக் காந்தம் உண்டு. சுத்தினாலே கரண்ட் வரும். சிபி550இல் காந்தம் கிடையாது. ஃபீல்டு காயில் என்று ஒன்று இருக்கு. அதுக்குள்ள கரண்டைச் செலுத்தினாதான் அது காந்தமாகும், அதுக்கப்புறம்தான் ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுக்கும். அந்த முதல் கரண்டைக் கொடுக்கிறது பேட்டரி. விதை நெல்லைச் சாப்பிட்டுட்டு அறுவடைக்குக் காத்திருக்க முடியுமா? கார்ல இருக்கிறதும் இதே ஏற்பாடுதான். ரெகுலேட்டர் அந்த ஃபீல்டு கரண்டைக் கூட்டிக் குறைச்சு வோல்டேஜைக் கட்டுக்குள்ள வைக்கும்.

*

1968 அக்டோபரில் டோக்கியோ கண்காட்சியில் காட்டி, 1969இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிபி750 பைக் உலகத்தையே புரட்டிப் போட்டது. நாலு சிலிண்டர், முன்சக்கர டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினா கிளம்பும் இன்ஜின். ஹெண்டி ஸ்பெஷல் தோத்து ஐம்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, பெரிய பைக்கில் செல்ஃப் என்பது அலங்காரம் இல்ல, அடிப்படைன்னு ஆக்கினது இந்த வண்டிதான். அதன் தம்பிதான் எங்க சிபி550, 1974இல் வந்தது.

சிபி750க்கு 14 ஆம்பியர்-மணி பேட்டரி, சிபி550க்கு 12. ஆசிட்டோட நாலு கிலோவுக்கு மேல. ஹோண்டாக்காரன் ஏன் இவ்வளவு பெருசா வச்சான்? செல்ஃபுக்காகன்னுதான் நான் நினைச்சிருந்தேன். பாதிதான் சரி. மீதியை மல்டிமீட்டர் சொன்னது.

ஆல்டர்னேட்டர் கொடுப்பது 5000 சுற்றில் சுமார் 150 வாட். செலவு: ஹெட்லைட் 55. பின் விளக்கு, மீட்டர் பல்பு எல்லாம் சேர்த்து 15. இக்னிஷன் காயில் ரெண்டும் சுமார் 50. ஃபீல்டு காயிலே ஒரு 20, 25 தின்னும். கூட்டினா 140, 145. மாசக் கடைசியில என் பேங்க் கணக்கு மாதிரி வரவுக்கும் செலவுக்கும் சரியாப் போச்சு. அதுவும் 5000 சுற்றில்! சிக்னல்ல ஐடில்ல நிக்கும்போது வரவு பாதிகூட இல்ல, மீதியை பேட்டரிதான் கைக்காசு போட்டு ஓட்டுது. டவுனுக்குள்ள இப்படி மணிக்கணக்கா கைக்காசு போடத்தான் அந்த 12 ஆம்பியர்-மணி.

நாங்க ஒளிச்சு வச்ச லித்தியம் பேட்டரி? மேல பெருசா '12' என்று போட்டிருந்தது. அதே அளவுன்னு நம்பித்தான் வாங்கினோம். கண்ணாடி போட்டுப் பார்த்தா, அது 'ஈய பேட்டரிக்கு இணை' என்கிற கணக்கு. ஸ்டார்ட் பண்ற வேகத்தில் 12க்கு இணை. உள்ளே இருக்கிற சரக்கு 4.6 ஆம்பியர்-மணி. இது ஊரறிஞ்ச பழக்கம், பொய்னும் சொல்ல முடியாது. ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியரை ஒரு நொடி வீசறதுல அந்தச் சின்னப் பெட்டி நிஜமாவே கில்லாடி. சிக்னல்ல நிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

*

இப்போ ரெண்டு கிளைக் கதை. சின்னதா பேட்டரி வேணும்கிறவனுக்கு இன்னிக்கு இருக்கிற ரெண்டு வழி இவைதான்.

முதல் வழி, சீல் பண்ணின ஈய பேட்டரி. அமெரிக்காவில் டென்வரில் கேட்ஸ் ரப்பர் கம்பெனியைச் சேர்ந்த ஜான் டெவிட், டொனால்ட் மெக்லெலண்ட் இருவரும் 1970களின் தொடக்கத்தில் செய்த வேலை. ஆசிட்டைத் தளதளன்னு ஊத்தாம, கண்ணாடி இழைப் பஞ்சில் உறிஞ்ச வச்சு, தகடுகளுக்கு நடுவில் அழுத்தி அடைச்சாங்க. சார்ஜ் ஆகும்போது பிறக்கிற ஆக்சிஜன் அந்தப் பஞ்சுக்குள்ளேயே மறுபக்கம் போய் மறுபடி தண்ணீராகிடும். தண்ணி ஊத்த வேண்டாம், ஆசிட் சிந்தாது, படுக்க வச்சுக்கூட மாட்டலாம். பைக்குகளில் இது 80களில் பரவத் தொடங்கினது. கேட்ஸ் பெல்ட் விக்கிற கம்பெனின்னு மட்டும்தான் எனக்குத் தெரியும், இது புதுச் செய்தி.

இரண்டாவது வழி லித்தியம். இதுல ஒரு நம்மூர்க்காரர் வர்றார்.

லித்தியம்-கோபால்ட் ஆக்ஸைடை 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் குழு கண்டுபிடிச்சது, 1991இல் சோனி லித்தியம்-அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோபால்ட் விலை அதிகம், சூடானா ஆக்சிஜனைக் கக்கி தீயை வளர்க்கும். 1985இல் குட்இனஃபிடம் போய்ச் சேர்ந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படிச்சு, சென்னை ஐஐடியில் முனைவர் ஆனவர். அடுத்த வருஷமே அந்தக் குழு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினது. வெறும் ஆக்ஸைடுக்குப் பதிலா சல்ஃபேட் மாதிரியான தொகுதிகளை வச்சா, மலிவான இரும்பை வச்சே நல்ல வோல்டேஜ் எடுக்கலாம்னு 80களின் கடைசியில் இருவரும் காட்டினாங்க. அந்தப் பாதையில்தான் 1997இல் அதே டெக்சாஸிலிருந்து பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூவர் பேரில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. 2019இல் குட்இனஃபுக்கு 97 வயதில் நோபல் கிடைச்சப்போ, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம். பைக் பேட்டரி தேடப் போன இடத்தில் இதைப் பார்த்ததும் அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

(இங்க ஒரு குழப்பம். 'அயான்' வேற, 'அயர்ன்' வேற. நாம இங்க பேசற லித்தியம் பேட்டரி எல்லாமே லித்தியம்-அயான்தான். அதுல ஒரு வகைதான் இரும்பு பாஸ்பேட். 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களைத் தரையில் உட்கார வச்சது கோபால்ட் வகை. பைக்குக்கு வர்றது பெரும்பாலும் இரும்பு வகை. அதுல ஆக்சிஜன் பாஸ்பரஸோட இறுக்கமா கட்டுப்பட்டிருக்கும், அவ்வளவு சீக்கிரம் வெளிய வராது.)

இரும்பு வகை பைக்குக்குப் பொருந்தினதுக்குக் காரணம் ஒரு சின்ன எண் கணக்கு. ஒரு செல் 3.3 வோல்ட், நாலு சேர்த்தா 13.2. முழுசா சார்ஜ் பண்ண செல்லுக்கு 3.6, நாலுக்கு 14.4. ஈய பேட்டரிக்காகச் செஞ்ச ரெகுலேட்டர் கொடுக்கிறதும் ஏறக்குறைய அதே 14.4தான்! கோபால்ட் வகையில் மூணு செல் போட்டா குறையும், நாலு போட்டா எகிறும். ப்ளாண்டேயின் ஆறு செல்லும் குட்இனஃபின் நாலு செல்லும் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நின்னது வெறும் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டத்தை முதல்ல பிடிச்சவங்க ஷெட்டுக்காரங்கதான். 2001இல் தொடங்கின ஏ123 கம்பெனியின் இரும்பு பாஸ்பேட் செல்கள் 2006 வாக்கில் டிவால்ட் 36 வோல்ட் ட்ரில் மெஷின்களில் வந்தன. பைக் கிறுக்கர்கள் ட்ரில் பேட்டரியை உடைச்சு, எட்டு செல்லை எடுத்து, நாலு நாலா கட்டி, அரைக் கிலோ சொச்சத்தில் ஸ்டார்ட்டர் பேட்டரி செஞ்சாங்க. ஏ123 2012இல் திவாலானாலும் அந்த அமைப்பு பல கம்பெனிகளின் பெட்டிக்குள்ள இன்னும் இருக்கு. 2009 கடைசியில் போர்ஷ ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் ஒன்றை அறிவிச்சது, 10 கிலோவுக்கு மேல் எடை குறையும்னு. கூடவே வழக்கமான ஈய பேட்டரியையும் கொடுத்தாங்க, குளிர்காலத்துக்கு! பூஜ்யத்துக்குக் கீழே லித்தியத்துக்கு ஸ்டார்ட் பண்ற தெம்பு குறையும். அந்தக் குளிர்ல வேகமா சார்ஜ் பண்ணினா உள்ளே லித்தியம் படிஞ்சு பேட்டரி கெடும். போர்ஷ வாங்கறவனே ரெண்டு பேட்டரி வச்சுக்கணும்னா, கரண்ட் கனெக்‌ஷன் இல்லாத ஷெட்ல வண்டி வச்சிருக்கிற ஸ்டூடண்ட் என்ன பண்றது?

*

சரி, பூரிக்கு வருவோம்.

கனெக்‌ஷனை எல்லாம் மாத்தி, பழைய ஈய பேட்டரியை மாட்டி, வண்டியை 4000 சுற்றில் வச்சு அளந்தேன். 16.1 வோல்ட். லித்தியத்துக்கு 15ஐத் தாண்டினாலே ஆகாது.

ரெகுலேட்டர் போச்சுன்னு முடிவு பண்ணி, திண்டுக்கல் மாமாவுக்கு ஃபோன் போட்டேன். மாமாவுக்கு முப்பத்தஞ்சு வருஷமா பேட்டரி கடை. அவர் சட்டை எல்லாத்திலும் ஆசிட் பட்ட பொத்தல் இருக்கும். சின்ன வயசுல ஹைட்ரோமீட்டரை வச்சு நான் விளையாடினது அந்தக் கடையிலதான்.

"ஏம்ப்பா மாப்ளே, அந்தப் பழைய பேட்டரி தண்ணி நெறைய குடிச்சுச்சா?"

"ஆமா மாமா. வாங்கும்போதே ஒண்ணு ரெண்டு செல் வறண்டுதான் கிடந்துச்சு. நாங்க ஓட்டிப் பார்த்த ஒரு மாசத்துலயும் ரெண்டு தடவை டிஸ்டில் வாட்டர் ஊத்தினோம்."

"அப்பவே வண்டி சொல்லியிருக்குல்ல. தண்ணி குடிச்சா பேட்டரி மேல தப்பில்ல, சார்ஜ் ஜாஸ்தி போகுதுன்னு அர்த்தம். ஈயம் பொறுத்துக்கும், தண்ணியா ஆவியாக்கி விட்டுரும். நீ புதுசா மாட்டுனது பொறுக்காது. முதல்ல வயரைப் பாரு, அப்புறம் ரெகுலேட்டரத் திட்டு."

வயரைப் பார்த்தேன். சாவியிலிருந்தும் ஃபியூஸ் பெட்டியிலிருந்தும் ரெகுலேட்டருக்குப் போற கறுப்பு வயர். அது வழியாத்தான் ரெகுலேட்டர் பேட்டரியின் வோல்டேஜைத் தெரிஞ்சுக்குது. ஐம்பது வருஷத் துரு, பச்சை பூத்த கனெக்டர், தளர்ந்த ஃபியூஸ் பிடி. வழியிலேயே ஒன்றரை வோல்ட் காணாமப் போகுது. பேட்டரியில 16 இருக்கும்போது ரெகுலேட்டருக்குத் தெரியறது 14.5. 'இன்னும் கொஞ்சம் கொடு'ன்னு அது ஃபீல்டு காயிலை விரட்டியிருக்கு. ரெகுலேட்டர் மேல தப்பே இல்ல, அதுக்கு வந்த சேதி பொய்.

டவுனுக்குள்ள ஓட்டினப்போ வரவு குறைவுங்கறதால இது வெளியே தெரியல. ஸ்ட்ராட்ஃபோர்டு ரோட்டில் அரை மணி நேரம் சீரா விரட்டினதும் கணக்கு தீர்ந்தது. பேட்டரி செஞ்ச கம்பெனி மேலயும் கோபம் இல்ல. தப்பு முழுக்க அளக்காம மாட்டின என் மேலதான்.

இதை எழுத நினைச்சதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். ஈய பேட்டரியின் கனத்தை நாம வெட்டிச் சுமைன்னு நினைக்கிறோம். அந்த நாலு கிலோவில் பாதி, பழைய வண்டிகளின் ஒழுங்கீனத்தை நூறு வருஷமா பொறுத்துக்கிட்ட பொறுமை. துருப்பிடிச்ச வயர், பாயிண்ட் தேய்ஞ்ச ரெகுலேட்டர், ஐடில்ல வராத கரண்ட், எல்லாத்தையும் கொஞ்சம் தண்ணியை ஆவியாக்கி, கொஞ்சம் கையிருப்பைக் கொடுத்துச் சமாளிச்சது. 1914இல் அந்தக் கையிருப்பு பத்தல, செல்ஃப் தோத்தது. 1969இல் ஆல்டர்னேட்டரும் பெரிய பேட்டரியும் சேர்ந்து நின்னது, ஜெயிச்சது. வரலாற்றில் பேட்டரி சின்னதான ஒவ்வொரு தடவையும், அதுக்கு முன்னாடி வண்டியின் சார்ஜிங் திருந்தியிருக்கு, இல்லேன்னா பசி குறைஞ்சிருக்கு. நாங்க ரெண்டையும் செய்யாம பேட்டரியை மட்டும் சின்னதாக்கினோம்.

அதனால வரிசையை மாத்திப் போட்டோம். முதல்ல வயரிங் முழுக்கப் புதுசு. பழைய ரெகுலேட்டரையும் ரெக்டிஃபையரையும் தூக்கிட்டு ரெண்டும் ஒண்ணா இருக்கிற எலக்ட்ரானிக் யூனிட், வோல்டேஜ் பார்க்கிற வயரை நேரா பேட்டரிக்கே இழுத்து. பின் விளக்கு, இண்டிகேட்டர், மீட்டர் பல்பு எல்லாம் எல்ஈடி. இப்போ 4000 சுற்றில் 14.2.

கடைசியாத்தான் பேட்டரி. நண்பன் ஓட்டு மறுபடி லித்தியத்துக்கு, இந்தத் தடவை உள்ளேயே பாதுகாப்பு சர்க்யூட் உள்ளது. அவன் சொன்னதும் நியாயம்தான், இப்போ வண்டி அதுக்குத் தகுதியாயிடுச்சு. என் ஓட்டு பஞ்சு வச்ச ஈயத்துக்கு. 6 ஆம்பியர்-மணி, ரெண்டரை கிலோவுக்குள்ள, லித்தியத்தில் பாதி விலைகூட இல்ல. ஜனவரிக் குளிர்ல ஷெட்ல கிடந்தாலும் மிதிச்சா கிளம்பணும், எனக்கு அது முக்கியம். ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டு ஈயமே ஜெயிச்சது. செல்ஃபைச் சூடான இன்ஜினுக்கு மட்டும்தான் தொடறது, காலையில கிக்கர்தான்னு ஒப்பந்தம். ஸ்விங் ஆர்முக்கு முன்னால, ரெண்டு ஃபிரேம் குழாய்க்கு நடுவுல ஒரு தட்டு அடிச்சு மாட்டியிருக்கோம். சீட்டுக்குக் கீழ வெட்டவெளி அப்படியே இருக்கு, எதிர்ல நின்னு குனிஞ்சு பார்த்தாதான் பேட்டரி தெரியும்.

இன்னொண்ணும் சேர்த்தோம். மாமாவோட புல்லட்ல ஹெட்லைட்டுக்கு மேல ஒரு அம்மீட்டர் இருக்கும். இண்டிகேட்டர் போட்டா முள்ளு தலையாட்டும். சின்ன வயசுல அது வெறும் அழகுக்குன்னு நினைச்சிருந்தேன். எங்க சிபி550இல் அப்படி ஒண்ணு இருந்திருந்தா அன்னிக்கு ஸ்ட்ராட்ஃபோர்டு தாண்டும்போதே தெரிஞ்சிருக்கும். இப்போ ஹாண்டில் நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வோல்ட்மீட்டர் உட்கார்ந்திருக்கு. மொத்த வண்டியிலும் விலை குறைஞ்ச சாமான் அதுதான். ரோட்டைப் பார்க்கிறதுக்கு அடுத்தபடியா நான் அதிகம் பார்க்கிறதும் அதைத்தான்.

மாமாவுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். "வண்டி நல்லாருக்கு மாப்ளே. உக்கார்ற சீட்டுக்கு என்னாச்சு, பணம் பத்தலையா?"ன்னு கேட்டார்.

உங்க வண்டியில என்ன பேட்டரி, எவ்வளவு வோல்ட்? அளந்ததில்லேன்னா இந்த ஞாயித்துக்கிழமை அளந்து பார்த்துட்டு வந்து சொல்லுங்க.

பி.கு.: தலைப்பில் 'பற்றறி' என்றுதான் போடணும்னு நண்பன் கடைசி வரைக்கும் அடம் பிடிச்சான். அவன் பங்குப் பணம் இன்னும் பாக்கி இருக்கிறதால அவன் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது :-)